பினாயில் வாசனை இல்லாத வீடு

ஓசூரில் எங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை. மூக்கு இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருமுனை திரும்பினாலே பினாயில் நெடி முகத்தில் அடிக்கும். வாசற்படி ஏறினால் பிளீச்சிங் பவுடர். பின்பக்கம் போனால் ஆசிட். தள்ளுவண்டிக்காரர் பழைய கண்ணாடி பாட்டிலில் ஊற்றி விற்பாரே, மூடியைத் திறந்ததும் வெள்ளையாகப் புகை கிளம்புமே, அந்த ஆசிட்.

எல்லாம் என் மாமியாரின் ஏற்பாடு. நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். கெலமங்கலத்துப் பக்கம் அடுத்தவர் காட்டில் களை பறித்து, கேழ்வரகு அறுத்து, ஒரே பிள்ளையை ஐ.டி.ஐ. படிக்கவைத்தவர். பிள்ளைக்கு ஓசூரில் லேத் மெஷின் வேலை கிடைத்ததும் சட்டி பானையை அங்கேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டார். "சாம்பலு, சாணி, பூந்திக்கொட்ட எல்லாம் ஆயுசுக்கும் பாத்தாச்சு. இனிமே எல்லாம் பாட்டலுதான்" என்பார். பாங்கிலும் ஆஸ்பத்திரியிலும் பெரிய ஆபீசர் வீட்டிலும் வருகிற வாசனை தன் வீட்டிலும் வரவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. வந்தது. அடேயப்பா, என்னமாய் வந்தது! எங்கள் வீட்டில் கரப்பான்பூச்சி கூட இருமிவிட்டுத்தான் செத்தது.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை வேலை என் தலையில் விழுந்தது. எண்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. வீட்டுக்காரரின் காக்கி யூனிஃபார்மில் ஆயில் அப்பிக்கிடக்கும். அதைச் சலவைச் சோடாவில் ஊறவைத்து அடிக்கவேண்டும். எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு. பாத்ரூமிலும் கக்கூஸிலும் படிகிற பழுப்புக் கறைக்கு ஆசிட். தரைக்குப் பினாயில். சாயங்காலம் என் கை ஊறவைத்த முருங்கைப் பட்டை மாதிரி இருக்கும்.

அந்தக் கையோடுதான் திங்கட்கிழமை விடிந்ததும் கம்பெனி பஸ் ஏறுவேன். எங்கள் கம்பெனியில் கைக்கடிகாரம் செய்தார்கள். எனக்கு அசெம்ப்ளி பெஞ்சில் சீட். கண்ணில் பூதக்கண்ணாடி, விரல் நுனியில் ரப்பர் உறை, கையில் ட்வீசர். எள்ளைவிடச் சின்னச் சக்கரங்களை எடுத்து அதனதன் இடத்தில் உட்காரவைப்பேன். கடைசியில் பேட்டரியைப் பொருத்தினால் அதுவரை சும்மா கிடந்தது சட்டென்று துடித்து ஓட ஆரம்பிக்கும். ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது. சொன்னால் சிரிப்பீர்கள், ஒவ்வொரு தடவையும் "எழுந்திரு ராசா" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வேன்.

ஒரு நாள் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், குரல் உயர்த்தி ஒருநாளும் பேசாதவர். நான் முடித்துவைத்த ஒரு கடிகாரத்தைத் திறந்து, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். சக்கரத்தின் பல்லில் ஒரு துளி தோல் ஒட்டியிருந்தது. என் தோல்தான்.

"உறையைக் கழட்டும்மா, கையைக் காட்டு" என்றார். காட்டினேன். விரல் நுனியெல்லாம் உரிந்து, கட்டைவிரலில் வெடிப்பு விட்டிருந்தது. உறை மாட்டும்போது உதிர்ந்து வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் போல. "வீட்ல என்னம்மா வேலை செய்யுத?" என்றார். நான் சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஒரு மாசம் டயம் தாரேன். கை ஆறலைன்னா பேக்கிங்குக்குத்தான் மாத்தணும். எனக்கும் வேற வழி இல்ல, பாத்துக்கோ."

பேக்கிங் ஒன்றும் கேவலமான வேலை இல்லை. சம்பளமும் குறையாது. ஆனால் அங்கே ஓடுகிற கடிகாரத்தைப் பெட்டியில் வைத்து மூடவேண்டும், அவ்வளவுதான். எனக்கு என் பெஞ்ச் வேண்டும். பஸ்ஸில் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அழுதேன், வெட்கமே இல்லாமல்.

வீட்டில் சொன்னேன். அத்தை ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. "அப்ப நீ எதியும் தொடாத கண்ணு. நானு பாத்துக்கறன்" என்றார். எனக்கு நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகாராணி மாதிரி உட்கார்ந்து பூக்கட்டினேன்.

திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில்தான் கவனித்தேன். அத்தை களியைக் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். களியை யாராவது கரண்டியால் சாப்பிடுவார்களா? கையால் கிள்ளி, குழம்பில் புரட்டி, வழுக்கிக்கொண்டு உள்ளே இறக்கவேண்டிய சமாச்சாரம் அது. கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் வெந்துபோய், கட்டைவிரல் பிளந்திருந்தது. குழம்புக் காரம் பட்டால் உயிர் போகும், அதற்குத்தான் கரண்டி.

"உடும்மா, இந்தக் கை இன்னா வாச்சு செய்யப்போவுதா? கெடக்குது" என்று கையை இழுத்துக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம்! யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "உங்க கை மட்டும் இரும்புலயா அடிச்சு வெச்சிருக்கு? உங்க கையத் தின்னுட்டுத்தான் நான் பெஞ்ச்ல உக்காரணும்னா எனக்கு அந்தச் சீட்டே வேணாம்!" என்று கத்தினேன். வீட்டுக்காரர் களியும் வாயுமாக இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எழுந்து, ஆசிட், பினாயில், சோடா, பிளீச்சிங் எல்லாவற்றையும் ஒரு பக்கெட்டில் அடுக்கி வாசலில் வைத்தேன். மறுநாள் வீட்டுக்காரர் அதைத் தள்ளுவண்டிக்காரரிடமே ஒப்படைத்துவிட்டு வந்தார். வண்டிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தாராம். வாங்கின ஆசிட்டை யாரும் அதுவரை திருப்பிக் கொடுத்ததில்லையாம்.

அத்தை என்னோடு பேசவில்லை. காற்றைப் பார்த்துப் பேசினார். "ஊடு நாறட்டும். நமக்கு இன்னா, மூக்க அறுத்து மோட்டு மேல வெச்சிடலாம்."

வாயைக் கொடுத்து நான் மாட்டிக்கொண்டதுதான் மிச்சம். ஆசிட்டை வெளியே அனுப்பியாகிவிட்டது, உள்ளே எதைக் கொண்டுவருவது? சாம்பல் என்று ஆரம்பித்தேன், அத்தை முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்காரர் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போய் ஒரு பை நிறையப் பூந்திக்கொட்டை வாங்கிவந்தார். பட்டுப்புடவை அலசத் தெரியும், ஆயில் யூனிஃபார்மை அலச எவ்வளவு போடவேண்டும் என்று யாருக்குத் தெரியும்? மனிதர் பையில் பாதியைத் தட்டி அண்டாவில் போட்டு, ஊறினதும் மோர் கடைகிற மத்தை எடுத்துக் கடைய ஆரம்பித்துவிட்டார்.

நுரை வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அப்படியொரு நுரையை நான் பார்த்ததில்லை. அண்டா நிறைந்து, வழிந்து, நடையில் இறங்கி, சமையலறை வரை போனது. அவர் நிறுத்தத் தெரியாமல் "இன்னும் வருதுடி, இன்னும் வருதுடி" என்று கடைந்துகொண்டே இருந்தார். "எம் மத்த எட்த்தது எவன்டா?" என்று ஓடிவந்த அத்தை நுரையில் வழுக்கி, பிள்ளையின் சட்டையைப் பிடித்து, இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். இடுப்பளவு நுரையில் தாயும் பிள்ளையும்! நான் தூக்கிவிடவேண்டியவள், சிரித்துச் சிரித்துச் சுவரோடு சரிந்துவிட்டேன். அத்தை திட்ட வாயைத் திறந்தார், சிரிப்புதான் வந்தது. வீராப்பு அன்றோடு பாதி கரைந்தது.

அதன்பிறகு ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தது. யூனிஃபார்மில் முதலில் தவிட்டைத் தூவித் தேய்த்தால் ஆயிலை இழுத்துக்கொண்டது. பிறகு பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்தால் போதும். காக்கிக்குச் சரி, வெள்ளைப் பனியன்தான் டீயில் முக்கியெடுத்த நிறத்துக்கு வந்தது. அவர் அதை மாட்டிக்கொண்டு, "உள்ள போடறதுதானே, யாரு பாக்கறா" என்றார். தரைக்கு அரிசி கழுவின தண்ணீரைப் புளிக்கவைத்து ஊற்றிப் பார்த்தேன். புளித்த நாற்றத்தில் ஊரிலிருக்கும் ஈயெல்லாம் விருந்துக்கு வந்தது. அதை விட்டுவிட்டு, கம்பெனி கேன்டீனில் எலுமிச்சஞ்சாதம் போடுகிற நாளில் பிழிந்த தோலை டிபன் கேரியரில் வாங்கிவந்தேன். பஸ்ஸில் பெண்கள், "என்னடி, வீட்ல மாடு வாங்கிட்டியா?" என்று ஓட்டினார்கள். அந்தத் தோலையும் உப்பையும் வேப்பிலையையும் கொதிக்கவைத்துத் துடைத்தேன். தரை பளிச்சென்று இருந்தது.

ஆனால் வாசனை இல்லை. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா எட்டிப் பார்த்து, "ஈ வார பினாயில் ஹாகில்வா?" என்று கேட்டுவிட்டார். இந்த வாரம் போடவில்லையா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அத்தைக்கு முகம் சுண்டிவிட்டது. வீடு கழுவாமல் கிடக்கிறது என்று ஊரே நினைக்கும் என்று ஒரு வாரம் புலம்பினார். எனக்கும் பாவமாக இருந்தது. பாடுபட்டு வந்து சேர்ந்த இடத்தின் வாசனை இல்லையா அது?

கடைசியில் நின்றது கக்கூஸ் கறை. எலுமிச்சந்தோலுக்கெல்லாம் அது மசியவில்லை. புளிப்பு அதிகமானால் போகும் என்று தோன்றி, "புளி கரைச்சு ஊத்திப் பாக்கலாமா அத்தை?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"திங்கற பொருளக் கொண்டுபோயி கக்கூஸ்ல போடுவியா? கஞ்சிக்குப் புளி இல்லாம உப்புக்கல்ல நக்கிட்டுக் குடிச்சவ நானு. எம் மூஞ்சிக்கு நேரா அந்தப் பேச்சு பேசாத!" என்றார். கண் கலங்கியிருந்தது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கறை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. வண்டிக்காரர் தெருவில் மணியடித்துப் போகும்போதெல்லாம் அத்தை வாசலைப் பார்ப்பதை நான் பார்த்தேன். என் தவணையும் முடிந்துகொண்டிருந்தது. விரல் நன்றாகத்தான் ஆறிவந்தது. ஒரு மூடி ஆசிட் போதும், எங்கள் இரண்டு பேரில் ஒருத்தி கை மறுபடி வெந்துபோகும்.

அந்த வாரம் பார்த்துச் சூறைக்காற்று அடித்தது. கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தோப்புகளில் மாங்காய் மழையாகக் கொட்டி, சாக்குச் சாக்காக ரோட்டோரம் வந்து குவிந்தது. என் வீட்டுக்காரருக்கு அளவு என்பதே தெரியாது என்றுதான் முன்பே பார்த்தோமே, ஒரு மூட்டையைத் தூக்கிவந்துவிட்டார். ஊறுகாய் போட்டோம், வற்றல் போட்டோம், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம். அடிபட்ட காய்கள் மட்டும் மூலையில் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து எழுந்தேன். பின்பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. அத்தை கக்கூஸ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு குந்தியிருந்தார். அம்மிக்கல்லில் இல்லை, துவைக்கிற கல்லில் வைத்து நசுக்கின மாங்காயும் கல்லுப்பும் ஒரு சட்டியில் இருந்தது. அதை அள்ளி அப்பி, தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பிடி அள்ளும்போதும் புறங்கையைக் கண்ணில் ஒற்றி, அந்த மாங்காயிடமே பேசிக்கொண்டிருந்தார்.

"கோச்சுக்காத தாயே. கொழுப்பெடுத்துப் பண்ணல. எம் மருமவளுக்கு அந்த வேலன்னா உசுரு. அதுக்கோசரம் இந்த ஒரு தப்ப மன்னிச்சிரு..."

நான் அப்படியே நின்றுவிட்டேன். பெற்றவள் கூட எனக்காக யாரிடமும் இப்படி மன்னிப்புக் கேட்டதில்லை. போய்ப் பக்கத்தில் குந்தி, இன்னொரு நாரை எடுத்துக்கொண்டேன். அத்தை திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். "ஒன் கையி!" என்றார். "மாங்காதானே அத்தை, ஊறுகா போட்ட கைதான்" என்றேன். ஒரே நாளில் போகவில்லை அந்தக் கறை. அப்பி ஊறவைத்து, மறுபடி அப்பித் தேய்த்தும் ஆசிட் போட்ட வெள்ளை வரவில்லை. ஆனால் பழுப்பு போய்விட்டது. "பரவால்ல" என்றார் அத்தை. அவர் வாயில் அது பெரிய சர்ட்டிபிகேட்.

ஒரு மாதம் முடிந்த அன்று சூப்பர்வைசர் என் பத்து விரலையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "சரி, போயி சீட்ல உக்காரு" என்றார், டீ சாப்பிடப் போ என்பது போல. அன்று முதலாவதாக எடுத்த கடிகாரத்தில் பேட்டரியைப் பொருத்தும்போது "எழுந்திரு ராசா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் பஸ் விட்டு இறங்கினால் அத்தை ஸ்டாப்பிலேயே நின்றுகொண்டிருந்தார். அதற்கு முன்பு ஒருநாளும் வந்ததில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். பெருமூச்சு விட்டு, கூடவே நடந்தார். ஃபேக்டரி விட்டு வருகிறவர்கள் சைக்கிள் மணியடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் போனார்கள். திடீரென்று நடுரோட்டில் நின்று, முந்தானையில் துடைத்துவிட்டு, தன் இரண்டு கையையும் என் முன்னால் விரித்தார்.

"அப்ப என்னுது?"

நான் அவர் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரல் பிளவு மூடியிருந்தது. விரலிடுக்கில் புதுத்தோல் வந்திருந்தது. காட்டு வேலையில் காய்த்த காப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"பாஸ்" என்றேன்.

அன்று சாயங்காலம் தெருவில் வீடு வீடாக நுழைந்து அத்தை சொல்லிக்கொண்டிருந்தது என் வேலை நிலைத்த கதையை இல்லை. தன் கை பாஸான கதையைத்தான்.