டிலேயா டிஸ்ஆர்டரா: குகட்பள்ளியிலிருந்து அல்வால் வரை

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கணும். பாப்பா தூங்கின பிறகுதான் கம்ப்யூட்டர் என் கைக்கு வருது. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் கயலுக்கு இரண்டு வயது எட்டு மாதம். பேச்சு குறைவு. போன வாரம் நர்சரி சீட்டுக்காகப் போனபோது, எங்கள் குழந்தை டாக்டர் எழுதிக் கொடுத்த தாளைப் பள்ளியில் காட்டினேன். அதில் ‘ஸ்பீச் டிலே / டிஸ்ஆர்டர்?’ என்று இருந்தது. நடுவில் ஒரு சாய்ந்த கோடு, கடைசியில் கேள்விக்குறி. பள்ளி மேடம், “ரெண்டுல எதுன்னு திங்கட்கிழமைக்குள்ள எழுதி வாங்கிட்டு வாங்க. டிலேன்னா சேர்த்துக்குவோம். டிஸ்ஆர்டர்னா எங்களால முடியாது” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்க வாய் வரலை. பி.எஸ்சி. படித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைப்பாரே! வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். ஒன்றுக்குத் தாமதம், இன்னொன்றுக்குக் கோளாறு. கோளாறு என்று பார்த்ததும் மூடி வைத்துவிட்டேன். இணையத்தில் ஒரு இடத்தில் இரண்டும் வேறு வேறு என்கிறார்கள், இன்னொரு இடத்தில் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். அதனால்தான் இன்றைய அல்வால் பயணம். அங்கே தமிழ் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் இருப்பதாகப் பக்கத்து பிளாட்டில் சொன்னார்கள்.

என் கணவருக்குக் கச்சிபௌலியில் சாஃப்ட்வேர் ரிலீஸ் வேலை, லீவு இல்லை. நானும் பாப்பாவும் மட்டும் காலை 9.10க்கு ஆட்டோ பிடித்தோம். நூற்றைம்பது கேட்டார், நூற்று முப்பதுக்கு வந்தார். பாலாநகர், போயின்பள்ளி வழியாகச் சுமார் பதினைந்து கிலோமீட்டர். பயிற்சியாளர் முன்கூட்டியே போனில் சொன்னபடி, பாப்பா பேசும் சொற்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். மொத்தம் பதினாலு. வழியெல்லாம் அதையே எண்ணிக்கொண்டு வந்தேன். எண்ணினால் கூடிவிடுமா என்ன!

போயின்பள்ளி மார்க்கெட் அருகே ஆட்டோ திடீரென்று ஓரம்கட்டி நின்றது. “ஏன் நிறுத்தினீங்க?” என்று எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் சத்தம் போட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, “பாப்பா ஆபமந்தி கதா, மேடம்!” என்றார். பாப்பாதானே நிறுத்தச் சொன்னாள் என்கிறார்! கயல் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. லாரியிலிருந்து முட்டைக்கோஸ் இறக்குவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

10.15க்குப் போய்ச் சேர்ந்தோம், கால் மணி நேரம் தாமதம். இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. பயிற்சியாளருக்கு ஐம்பது வயது இருக்கும். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவராம், பிறந்ததே இங்கேதானாம். என் முகத்தைப் பார்த்ததும், “கைக்கு இவ்ளோ டென்ஷன்? முதல்ல உக்காரும்மா” என்றார். ‘ஏன்’ என்பதற்கு இந்த ஊர் உருதுவில் ‘கைக்கு’. தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டுமே என்று ஆட்டோக் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

“இவ ‘ஆபு’ன்னு சொல்லி ஆட்டோவே நின்னுடுச்சு. அந்தச் சொல்லு இதுல எங்க?”

“அது தெலுங்கு மேடம். யாதம்மா கத்துக்கொடுத்தது.”

யாதம்மா, நான் டியூஷன் எடுக்கும் நேரத்தில் பாப்பாவைப் பார்த்துக்கொள்பவர்.

“தெலுங்குன்னா கணக்குல சேராதா?”

வீட்டில் அவள் ‘நீள்ளு’ என்றால் ‘தண்ணி சொல்லு’ என்று திருத்துவோம். வாட்ச்மேனிடம் சொல்லும் ‘பானி’யையும் விட்டுவிட்டேன். தமிழில் சொன்னால்தான் பேச்சு என்று நினைத்து எழுதிவிட்டேன் போல. அங்கேயே உட்கார்ந்து மறுபடி எழுதினேன். நாற்பத்தொன்று வந்தது.

“அப்போ டிலேதானே மேடம்?” என்றேன்.

“நக்கோம்மா, வேணாம், அவசரப்படாத. பஸ்ஸு லேட்டா வந்தா டிலே. ரூட்டே மாறிப் போனா டிஸ்ஆர்டர். ஸ்டாப்ல ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டு எதுன்னு சொல்ல முடியுமா? முதல்ல காது டெஸ்ட். அப்புறம் மூணு மாசம் கவனிக்கணும்.”

புரிந்த மாதிரி தலையாட்டினேன். இறங்கும்போது மறுபடி குழம்பிவிட்டது. அவர் கொடுத்த தாளில் இரண்டு சொல்லுமே இல்லை. ‘எல்லா மொழிச் சொற்களையும் கணக்கில் எடுக்கவும். காது பரிசோதனை தேவை. மூன்று மாதம் கழித்துப் பார்க்கவும்’, அவ்வளவுதான். “டிலேன்னு மட்டும் எழுதிக் கொடுங்களேன்” என்று கெஞ்சியும் பார்த்தேன். “தெரியாதத எழுத மாட்டேன்” என்றார். கோபம் வந்தது. ஆனால் முதல் தடவையாக ஒருவர் என் பெண்ணைப் பற்றிச் சும்மா எழுதித் தள்ளவில்லை என்றும் தோன்றியது.

திரும்பும்போது அதே மார்க்கெட்டில் கயல் “ஆபு!” என்றாள். இந்தத் தடவை நான் வாயே திறக்கலை. ஆட்டோ நின்றது. ஐந்து நிமிடம் முட்டைக்கோஸ் பார்த்தோம். பத்து ரூபாய் கூடக் கொடுத்தேன்.

நீங்கள் போவதாக இருந்தால்: வெள்ளிக்கிழமை காலையில் கூட்டம் குறைவு. கட்டணம் இருநூற்றைம்பது. காது டெஸ்ட்டை முன்னாடியே எடுத்துக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம். சொற்களை எழுதும்போது வேலைக்காரம்மா, வாட்ச்மேன், பஸ் கண்டக்டர் யாரிடம் கற்றதையும் விடாதீர்கள்.

இனி என் கேள்வி. திங்கட்கிழமை இந்தத் தாளை அப்படியே பள்ளியில் நீட்டலாமா? இல்லை, ‘டிலே’ என்று எழுதித் தரும் வேறு யாரையாவது நாளைக்கே தேடுவதா? சீட்டுக்காக அப்படிச் செய்தால் நாளைக்கு அவளுக்கே கெடுதலாகிவிடுமா? என் கணவரைக் கேட்டால் “உனக்கு எது சரின்னு படுதோ” என்கிறார். எனக்கு எதுவும் படலை. இப்படி ஒரு தாளோடு பள்ளிக்குப் போனவர்கள் யாராவது இருந்தால், ஞாயிறு இரவுக்குள் பதில் எழுதுங்கள்.