பலாமரத்தில் தொங்கும் போன்கள்

ஜவ்வாது மலையில் ஜீப் நின்றுவிடும் இடத்திலிருந்து நடந்து ஏறினால்தான் மல்லிகாவின் ஊர் வருகிறது. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் அவள் என் பக்கத்து வீட்டுக்காரி; சனி, ஞாயிறு விடுமுறைக்கு அவளோடு வந்திருக்கிறேன். இங்கே ரேஷன் அரிசிகூடத் தலைச்சுமையாகத்தான் வருகிறது. சிக்னல் கிடைப்பதோ மேட்டிலிருக்கும் பலாமரத்தடியில் மட்டும். அதனால் ஊரார் போன்களெல்லாம் மஞ்சள் பைகளில் அதன் கிளைகளில் தொங்குகின்றன. எது அடித்தாலும் பக்கத்தில் களை எடுப்பவர் பேசிவிட்டு, உரியவரிடம் சேதி சொல்கிறார். என் போனும் அங்கேதான் தொங்குகிறது.

நாளை திங்கட்கிழமை, ஊர்த் திருவிழா. மேனேஜரிடம் ஒரு வாரம் கெஞ்சியும் எனக்கு லீவு கிடைக்கவில்லை. இன்றே பெங்களூர் திரும்ப வேண்டும். வருத்தத்தோடு சாமைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மல்லிகாவின் சித்தி மண் கையோடு வந்து நிற்கிறார்.

"உன் ஆபீஸ்காரரு கூப்ட்டாரும்மா. நான்தான் பேசினேன்."

தட்டைக் கீழே வைக்கிறேன். "என்ன சித்தி சொன்னீங்க?"

"நாளைக்கு சாமி ஊர்வலம், புள்ளைய அனுப்ப மாட்டோம்னேன்."

"ஐயையோ! அதுக்கு அவரு?"

"சரின்னுட்டாரு. பாவம், அவருக்கும் லீவு தர மாட்டேங்கறாங்களாம். அதான், அவரோட பெரிய ஆபீசரை நம்ம மரத்துக்கு ஒரு போன் போடச் சொல்லியிருக்கேன்."