அம்சவல்லி எழுதிய நாலு மணி நேரம்

எங்கள் தெரு அம்சவல்லிக்கு அளவு என்றால் அளவுதான். கல்யாணமாகி வந்த புதிதிலேயே, ரேஷன் கடைத் தராசில் எண் ஆடுகிறது என்று மின்விசிறியை நிறுத்தச் சொன்னவள். கீழ்வேளூருக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊரில் கணக்கில் பட்டம் வாங்கிய மருமகள் அவள் ஒருத்திதான்.

விவசாயத்துக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று கணக்கெடுக்கும் வேலை போன வருடம் அவளுக்குக் கிடைத்தது. வீடு வீடாகப் போய், போர் மோட்டார் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேட்டு டேப்லெட்டில் ஏற்ற வேண்டும். இந்த ஊர் விவசாயம் இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் மேலே முடிவு செய்வார்களாம்.

எங்கள் ஆட்கள் ரொம்ப விவரமானவர்கள். இலவச கரண்டுக்கு மீட்டர் வைக்கத்தான் இந்த ஏற்பாடு என்று டீக்கடையில் பேசி முடித்து, எல்லோரும் ஒரே வாயாக நாலு மணி நேரம் என்றோம். வாய்க்காலில் தண்ணீர் எட்டிப் பார்க்காத குறுவை அது. மோட்டார் பதினெட்டு மணி நேரம் ஓடியது. நானும் பொய் சொன்னவன்தான், மழுப்ப மாட்டேன்.

அவள் கணவன் ராஜ்குமாரே, "நீ மட்டும் பதினெட்டு போட்டா ஊரைக் காட்டிக் குடுத்தவள்னு சொல்லுவாங்க" என்றான். தன் வீட்டுக்கும் நாலு என்றே போட்டாள். இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடும் ஊர் என்று பாராட்டுக் கடிதம் வந்தது. பின்னாலேயே ஒரு தண்ணீர் கம்பெனிக்காரன் வந்தான். இங்கே நிலத்தடி நீர் மிச்சமிருக்கிறது என்று எங்கள் கணக்கையே காட்டி அனுமதி வாங்கி, நானூறு அடியில் மூன்று போர் போட்டான். சித்திரைக்குள் எங்கள் தண்ணீர் உப்புக் கரிக்கத் தொடங்கியது. இந்தக் குறுவைக்கு அம்சவல்லி விட்ட நாற்று நுனி கருகிப் போனது. இப்போது அவன் இன்னும் ஆறு போர் கேட்டிருக்கிறான். இந்த வருடக் கணக்கைப் பார்த்துத்தான் அனுமதி.

கணக்கெடுப்பின் கடைசி நாளில் என் வீட்டுக்கு வந்தாள். பாதி ஆளாக இளைத்திருந்தாள்.

"இந்தத் தடவையாவது உள்ளதைச் சொல்லுங்கண்ணே."

"பதினெட்டும்மா. சில நாள் இருபது" என்றேன். சொன்னதும் மனசு லேசானது.

பதினெட்டு என்று தட்டினாள். திரை சிவப்பானது. என் பக்கம் திருப்பிக் காட்டினாள். போன வருட அளவோடு பொருந்தவில்லை, பிழையான பதிவு, திருத்தவும் என்றிருந்தது.

"எல்லா வீட்லயும் இதேதாண்ணே. ஆபீஸ்ல கேட்டேன். அப்ப போன வருஷம் எழுதுனது பொய்யாங்குறாங்க."

"ஆமான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். பொய் சொன்னோம்னு ஊரே கையெழுத்துப் போட்டுக் குடுத்தா மாத்துவாங்களாம்."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அவள் கையெழுத்தும் ராஜ்குமார் கையெழுத்தும் மட்டும் இருந்தன. பேனாவையும் திறந்து கொடுத்தாள்.

வாயால் உண்மை சொன்ன எனக்குக் கை வரவில்லை. கொல்லையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"மத்தவங்க போடட்டும்மா, பாப்போம்" என்றேன். என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவள் தாளை மடித்துப் பையில் வைத்தாள். பதினெட்டை அழித்துவிட்டு நாலு என்று தட்டினாள். உடனே ஏற்றுக்கொண்டது.