எந்த ரோபோ என் ரோபோ?

போன ஞாயிறு ஒரு ரோபோவை அடி அடியென்று அடித்தேன். அது என் ரோபோவா, மச்சான் ரோபோவா? இதுவரை தெரியாது!

பழவேற்காடு பக்கம் தோணிரேவு கிராமத்தில் இருக்கிறான் என் மனைவியின் தம்பி ஏழுமலை. ஏரியில் வலை போடுகிறவன். அவன் வீட்டுக் காதுகுத்துப் பந்தியில், "இறால் குழம்புல உப்பு ஜாஸ்தி" என்று வாயை விட்டேன். சும்மா இருந்தால்தானே நான்! ரெண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"என் தம்பியோட பேசாம வீட்டுக்கு வராதீங்க" என்று அனுப்பிவிட்டாள் மனைவி.

போனேன். அவன் வலையைப் பார்த்தான், நான் மோட்டுவளையைப் பார்த்தேன். சகிக்காமல் அவன் மனைவி டி.வி.யைப் போட்டு, ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக் குச்சியைக் கையில் திணித்தாள். பக்கத்து வீட்டு சிங்கப்பூர்க்காரர் கொண்டுவந்த வீடியோ கேம். கார் ரேஸ் கேசட்டுக்குத்தான் தெருவே அடித்துக்கொள்கிறதாம். இந்த ரோபோ சண்டையைச் சீந்துவாரில்லையாம்.

ஏன்? அட்டைப் படத்தில் ஒரு ரோபோ சிவப்பு, ஒன்று நீலம். டி.வி.யோ பிளாக் அண்ட் ஒயிட்! ரெண்டும் ஒரே சாம்பல் கலர்.

ஆனால்... ஆஹா, என்ன விளையாட்டு! குத்தினால் கை கழன்று விழுகிறது, தலை தனியாக உருளுகிறது. ரோபோ ஓடிப்போய் எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி வருகிறது. சின்னப் பிள்ளை மாதிரி கத்தினேன்.

மச்சான் மட்டும் ஒரு குத்து விடுவான், குச்சியைக் கீழே வைத்துவிடுவான். கோபமா? இளக்காரமா? ஒன்றும் புரியவில்லை. நான் விடாமல் வெளுத்தேன்.

"இன்னா மாமா, இது என் பாடு. நீயே பூந்து அடிச்சினு கீறே!"

பேசிவிட்டான்!

அந்த ஏரியில் இன்று ஒரு கோஷ்டி வலை போட்டால் நாளை அடுத்த கோஷ்டி. அந்த முறைக்குப் பாடு என்று பேர். அடுத்தவன் முறையில் கை வைத்தால் பஞ்சாயத்துதான். அதை ரோபோவுக்கும் கடைப்பிடிக்கிறான் மச்சான்!

"இது சண்டைப்பா. இதுல ஏது முறை?" என்றேன்.

"எல்லாத்துக்கும் முறை கீது மாமா. சண்டையான பிறகு பொங்கலுக்கு உன் வூட்டுக்கு நான் வந்தேன். நீ பேப்பரால மூஞ்சிய மூடிக்கினே. அப்பால யார் வரணும்? உன் பாடுன்னு ரெண்டு வருஷமா காத்துனுகீறேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானோ, 'அவனே வரட்டும்' என்று உட்கார்ந்திருந்தேன்...

வாராவாரம் பத்திரிகையில் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற ஆசாமிக்கு, தன் முறை வந்தது தெரியவில்லை பாருங்கள்!