சுந்தரேசன் மடியும் ஐம்பது கிலோ அரிசியும்

1. மேட்ச்

கல்கத்தா லேக் கார்டன்ஸில் நான் பிசியோதெரபி கிளினிக் திறந்து முப்பது வருஷமாகிறது. முட்டி வீங்கி வருகிறவர்களில் பாதிப்பேரின் பிரச்சினை அடிபட்டது அல்ல, அடிபட்ட பிறகு வேண்டியவர்கள் செய்த உதவி. சுந்தரேசன் அந்த ரகம்.

பாங்க் மேனேஜர், வயது ஐம்பத்தேழு. எங்கள் பேட்டையில் வருஷா வருஷம் ஒரு ஃபுட்பால் மேட்ச் நடக்கும். கல்யாணமானவர்கள் ஒரு டீம், ஆகாதவர்கள் ஒரு டீம். கல்யாணமானவர்கள் ஜெயித்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. மகள் காயத்ரியின் கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருக்கும்போது மனிதர் அதில் இறங்கினார். வலது பாதம் சேற்றில் ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் பந்தோடு திரும்பியது. முட்டிக்குள் ‘டொப்’ என்று ஒரு சத்தம்.

உடனே டீம் முழுக்க வைத்தியர்களாகிவிட்டது. மளிகைக்கடைக்காரர் காலைப் பிடித்து இழுத்தார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கடுகெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்தார். மறுநாள் என்னிடம் வந்தபோது முட்டி தேங்காய் அளவு இருந்தது. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதை ஊருக்கெல்லாம் சொல்லுங்கள்: முதல் இரண்டு நாள் ஐஸ், கட்டு, ஓய்வு, காலைத் தூக்கி வைப்பது. தேய்க்கக் கூடாது, சூடு காட்டக் கூடாது, இழுக்கவே கூடாது.

எம்.ஆர்.ஐ. எடுத்தோம். முட்டியின் உள்பக்க லிகமென்ட், அதாவது எம்.சி.எல்., பாதி கிழிந்திருந்தது. எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸில் சின்னக் கீறல். முட்டியின் நடுவே இருக்கும் லிகமென்ட், ஏ.சி.எல்., தப்பித்தது. “ஆபரேஷன் வேண்டாம். பிரேஸ், எக்சர்சைஸ் போதும். ஆனால் நன்றாக மடங்கிய முட்டியில் பாரம் ஏற்றினால் கிழிசல் பெரிதாகும், அப்புறம் கத்திதான்” என்று சொல்லி ஆர்த்தோ சர்ஜன் அவரை என்னிடம் அனுப்பினார்.

நான் வழக்கமான முதல் கேள்வியைக் கேட்டேன். “கல்யாணத்துல இந்தக் காலை வச்சு என்னென்ன செய்யணும் சார்?”

“நிக்கணும், நடக்கணும், வரவாளை வாங்கோ வாங்கோன்னு சொல்லணும். வேற என்ன இருக்கு டாக்டர்?”

நம்பினேன். நிற்கவும் நடக்கவும் மட்டும் திட்டம் போட்டேன்.

2. ஒத்திகை

ஐந்தாவது வாரம் ஒரு நாள் அவர் வரவில்லை. வீட்டுக்கே போனேன். தாழ்வான பிரம்பு மோடாவில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு அரிசி மூட்டை, அதன் மேல் பிரஷர் குக்கர். முகமெல்லாம் வேர்வை. பக்கத்தில் மனைவி இன்னொரு குக்கரோடு தயாராக நின்றார்.

“என்ன சார் இது?”

“காயத்ரி அம்பத்தெட்டு கிலோ. அரிசி அம்பது. பாக்கி எட்டுக்குத்தான் குக்கர்ல ஜலம் ரொப்பி வச்சிருக்கேன்.”

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் வழக்கத்தில் அப்பா நெல் மூட்டை மேல் உட்காருவார், பெண் அவர் மடியில் உட்காருவாள், மாப்பிள்ளை தாலி கட்டுவார். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அப்பா ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வதோடு சரி. எனக்கு இது தெரியாது. எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது.

“இதை ஏன் சார் முதல் நாளே சொல்லல?”

“இதைச் சொல்லணுமா? கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வருவான்னு தனியா சொல்றோமா?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “மடியும் கிடையாது, மூட்டையும் கிடையாது. பக்கத்துல நாற்காலி போட்டு உக்காருங்க” என்றேன். மனிதர் குக்கரை இன்னும் இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அவ சின்னவளா இருந்தப்போ எனக்கு ஊர் ஊரா டிரான்ஸ்ஃபர். இவா ரெண்டு பேரும் இங்க. இந்த மடியில அவ உக்காந்ததே கம்மி டாக்டர். இது ஒண்ணுதான் பாக்கி.”

அதற்கு மேல் நாற்காலி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. டேப்பும் கோணமானியும் எடுத்தேன். இரண்டு மூட்டையை அடுக்கினால் முட்டி தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடங்காது. சாஸ்திரிகளுக்கு போன் போட்டோம்.

“சாஸ்திரத்துல ஒரு மூட்டைன்னும் சொல்லலை, ரெண்டுன்னும் சொல்லலை. ஆனா பொண்ணு அவ்வளவு ஒசரத்துல உக்காந்தா மாப்பிள்ளைக்குக் கை எட்டணுமே!”

மாப்பிள்ளையின் உயரத்தையும் விசாரித்து, அவர் ஏறி நிற்க ஒரு மணைக்கட்டைக்கு ஏற்பாடு செய்தேன். என் தொழிலில் அதுவரை செய்யாத வேலை.

கிளம்பும்போது காயத்ரி வாசல்வரை வந்தாள். “மாஷி, அந்த லிகமென்ட் ஃபுல்லா சேந்துடுச்சா?” வங்காளிப் பிள்ளைகள் போல அவளும் என்னை மாஷி, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவாள்.

“முக்கால்வாசி” என்றேன். அவள் உள்ளே அப்பா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

3. முகூர்த்தம்

கெட்டிமேளம் முழங்கியது. காயத்ரி அப்பா மடியில் உட்கார்ந்தாள். சுந்தரேசன் என்னைப் பார்த்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் தாலியைப் பார்த்தார்கள், நான் முட்டியைப் பார்த்தேன். பழக்க தோஷம்.

ஏதோ சரியில்லை. அவர் வேஷ்டி கொஞ்சம்கூட அமுங்கவில்லை. மடிசாருக்குள் அவள் தொடை வெடவெடவென்று நடுங்கியது. அவள் உட்காரவே இல்லை! அப்பா மடிக்கு ஒரு விரல்கடை மேலே அரைக் குந்தலில் நின்றுகொண்டிருந்தாள்.

அந்த நிலையில் அரை நிமிஷம் நிற்கச் சொன்னால் என்னிடம் வரும் விளையாட்டுக்காரர்கள் அழுதுவிடுவார்கள். இங்கேயோ சாஸ்திரிகள் நிறுத்தி நிதானமாக மந்திரம் சொன்னார். மாப்பிள்ளைக்கு முடிச்சு நழுவியது. மூன்றாவது முடிச்சைப் போட்ட நாத்தனார் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். “ஆர் ஏக்டா, ஆர் ஏக்டா” என்று இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தான் போட்டோகிராபர். அவன் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. காயத்ரி என்னைப் பார்த்து, சொல்லிடாதீங்க என்பது போல லேசாகத் தலையை ஆட்டினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

“பாத்தேளா டாக்டர்! அம்பத்தெட்டு கிலோ! வலியே இல்லை. பூ மாதிரி இருந்தா!” பந்தியில் எல்லோரிடமும் இதையே சொன்னார்.

மறுநாள் புதுமாப்பிள்ளை தோளைப் பிடித்துக்கொண்டு காயத்ரி கிளினிக்குக்கு வந்தாள். இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டு படி இறங்க முடியவில்லை. “அடிபட்டது மாமனாருக்கு, நொண்டறது இவளா?” என்று மாப்பிள்ளை கேட்டார். பரம்பரை என்று சொல்லி வைத்தேன்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். முட்டியோடு யார் வந்தாலும், அதன் மேல் யாராவது உட்காரப் போகிறார்களா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

சுந்தரேசனின் கேஸ் ஷீட்டை முடிக்கும்போது ‘பாரம் தாங்கும் திறன்’ என்ற கட்டத்தில் பேனா நின்றது. ‘சோதிக்கப்படவில்லை’ என்பதுதான் உண்மை. ‘மகளைத் தாங்கினார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.