ஷூ நம்பரில் எடை

"ஜூலை, இரண்டாவது சனிக்கிழமை. நல்ல வெயில். பாலாற்றில் வெள்ளம் (ஒத்திகை). ஆற்றில் வழக்கம்போல மணல்." என் நாட்குறிப்பில் அன்றைக்கு எழுதியிருப்பது இவ்வளவுதான். மிச்சம் நினைவிலிருந்து.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் தேதி போட்டு எழுதிவைப்பவன் என்று பெயர் வாங்கியிருந்ததால், ஒத்திகையில் குறிப்பெடுக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். வெள்ளத்தில் ஒரு பள்ளிக்கூடம் சிக்கியதாகக் கற்பனை. அடிபட்ட பிள்ளைகளை ஆம்புலன்ஸ் ஊழியர்கள் எப்படிக் கவனிக்கிறார்கள் என்று பார்க்க வேலூரிலிருந்து ஒரு டாக்டர் வருவதாக ஏற்பாடு.

அந்த ஆம்புலன்ஸில் முதலுதவி செய்யும் பெண் வேலூரை அடுத்த அணைக்கட்டு ஊர்ப் பக்கத்துக்காரர். அவருக்கு ஒரே கவலை. வண்டியில் இருந்த மாஸ்க், கழுத்துப் பட்டை எல்லாம் பெரியவர்கள் அளவு. பிள்ளைகளுக்கு மருந்தை எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். வெள்ளத்தில் தராசுக்கு எங்கே போவது? படுத்திருக்கும் பிள்ளையின் பக்கத்தில் நீட்டி வைத்தால், உயரத்தைக் கொண்டு எடையைச் சொல்லும் டேப் ஒன்று உண்டாம். அதையும் சின்ன மாஸ்க்குகளையும் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தார். டாக்டர் அறிக்கையில் எழுதினால்தான் உண்டு.

தன்னார்வலர்களாக வந்தவர்கள் ஒரு கம்பெனியின் தையல் பிரிவுப் பெண்கள். அவர்களுடைய சூப்பர்வைசருக்கு டேப் விஷயம் பிடிக்கவில்லை.

"இன்னாம்மா, டேப்பு டேப்புன்ற? கால் சைஸ் தெரிஞ்சா வயசு தெரியும். வயசு தெரிஞ்சா வெயிட்டு. ஆம்பூர்ல நின்னுக்கினு இதுக்குப் போயி பேஜாராவுறியே!"

அட்டையில் ஒரு பட்டியலும் எழுதிவிட்டார்: இந்த ஷூ நம்பருக்கு இத்தனை கிலோ. ஒத்திகைக்கு முந்தின நாள் வெறுங்காலோடு வந்த பிள்ளைகளின் பாதத்தை அளந்து பார்த்ததில் ஏறக்குறைய சரியாகவே வந்தது. முதலுதவிப் பெண் அரை மனதோடு தலையாட்டினார்.

மறுநாள் டாக்டர் வருகிறார் என்று தலைமையாசிரியை எல்லாப் பிள்ளைகளையும் ஷூ போட்டு வரச் சொல்லிவிட்டார். ஒத்திகையன்று விசில் ஒலித்தது. பிள்ளைகள் மைதானத்தில் உற்சாகமாக மயங்கி விழுந்தார்கள். ஷூ தைத்தே பழகிய எங்கள் ஊர்க் கை சும்மா இருக்குமா? பெண்கள் ஓடிப்போய், பாதத்தை அளக்காமல், ஷூவின் அடிப்பக்கத்தைத் திருப்பி நம்பரைப் படித்தார்கள்.

"மூணாம் நம்பரு! முப்பது கிலோ!"

டாக்டர் அந்த ஷூவைப் போட்டிருந்த ஒல்லிச் சிறுமியைப் பார்த்தார். குனிந்து, ஒற்றைக் கையால் தூக்கினார்.

"இது முப்பது கிலோவா?"

சிறுமி கண்ணைத் திறந்தாள். "ஷூ பெருசு சார். ரெண்டு வருசம் வரணும்னு அம்மா வாங்குச்சு. முன்னால துணி வெச்சிருக்கு."

"நீ மயக்கத்துல இருக்கம்மா. பேசக் கூடாது."

"நீங்கதான சார் கேட்டீங்க?"

அடுத்த பிள்ளையின் ஷூவிலும் துணி. அதற்கடுத்ததில் பஞ்சு. கம்பெனியில் கழித்துவிட்ட ஜோடிகளைக் கம்மி விலைக்கு, ஒரு நம்பர் ஜாஸ்தியாகப் பார்த்து வாங்குவது அந்தப் பெண்களே செய்கிற காரியம். அன்றைக்குப் பார்த்து ஒருத்திக்கும் ஞாபகம் வரவில்லை.

"இன்னா சூப்பர்வைசரு, உங்க பையன் ஷூவக் கொஞ்சம் கழட்டுங்களேன்!" என்றார் ஒரு பெண்.

"அவன் வளர்ற பையன்," என்றார் சூப்பர்வைசர். அந்தப் பையனின் ஷூவிலிருந்து ஒரு கைக்குட்டை முழுசாக வெளியே வந்தது.

மைதானமே சிரித்தது. முதலுதவிப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தக் கணக்குல மருந்து ஏத்தியிருந்தா அந்தப் பாப்பா என்னண்ணா ஆயிருக்கும்?" என்றார் என்னிடம். பிறகு மெதுவாக, "போச்சுண்ணா. இவரு இன்னா எழுதப்போறாரோ."

டாக்டர் அவரைக் கூப்பிட்டார். "பிள்ளைங்க மாஸ்க் எங்கே?"

"இதான் சார் இருக்கு." பெரிய மாஸ்க்கைச் சிறுமியின் முகத்தில் வைத்தார். நெற்றியிலிருந்து தாடை வரை மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து, "எனக்கு வெளியவே தெரியல அக்கா," என்று குரல் வந்தது.

"டேப் கேட்டீங்களா?"

"மூணு தடவை எழுதிக் குடுத்தேன் சார்."

டாக்டர் நெடுநேரம் எழுதினார்.

மழைக்காலம் தொடங்குமுன் அந்த வண்டிக்கு ஒரு பெட்டி வந்தது: சின்ன மாஸ்க்குகள், சின்னக் கழுத்துப் பட்டைகள், டேப். முதலுதவிப் பெண் டேப்பை எனக்கு விரித்துக் காட்டி, "டாக்டர் எழுதினதாலதாண்ணா வந்துச்சு," என்றார். வண்டி ஓட்டுநர் ஒத்துக்கொள்ளவில்லை. "நாட்றம்பள்ளி வண்டிக்கும்தான் வந்துருக்கு. அங்க யாரு மயங்கி வுழுந்தாங்க?"

இரண்டு பேர் சொல்வதையும் எழுதி வைத்திருக்கிறேன். டாக்டரின் அறிக்கையைப் பார்க்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. பெட்டி எங்கள் ஒத்திகையால் வந்ததா, எப்படியும் வந்திருக்குமா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.