3.5-க்கும் 1.8-க்கும் நடுவில் ஒரு பவுடர் டப்பா

ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபத்தில் படமெடுக்க மணப்பெண் அறைக்குள் நுழைந்தேன். பவுடர் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

ராஜபாளையத்தில் ஒரு ஸ்டுடியோ. நீலத் திரை, ஆடும் ஸ்டூல், பல் உடைந்த சீப்பு, எல்லோருக்கும் பொதுவாய் ஒரு பவுடர் டப்பா. ஸ்டுடியோக்காரர் என் சித்தியிடம், "பிள்ள கருப்புல்லா, அக்கா. இன்னும் ரெண்டு கை அப்புங்க, இல்லாட்டி பல்லு மட்டுந்தான் விழும்" என்றார். சித்தி சிரித்தபடி அப்பினாள். சுண்ணாம்பு அடித்த அந்த முகம் இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

அந்த ஸ்டுடியோக்காரரின் பழைய கேமரா இப்போதும் அவர் கடை அலமாரியில் இருக்கிறது. லென்ஸில் 3.5 என்று எழுதியிருக்கிறது. என்னுடையது 1.8. எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிது. என் லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். குறை என் முகத்தில் இருந்ததில்லை.

"பவுடர் போதும் பெரியம்மா" என்றேன், மணப்பெண்ணின் தாடையைப் பிடித்துப் பவுடர் அப்பிக்கொண்டிருந்தவரிடம்.

"ஏம்மா, படத்துல கருப்பா விழுவாளே!"

"அவ கருப்புதான். அப்படியே விழட்டும். வெளிச்சத்துக்கு நான் பொறுப்பு."

மணப்பெண் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு துண்டை எடுத்துத் தானே முகத்தைத் துடைத்தாள்.